கரண்ட் பில் முதல் காப்பீடு வரை: ஆட்டோபேயில் எதை எந்த வழியில் விடலாம்?

மாதா மாதம் கட்ட வேண்டியதைத் தானாகப் போகும்படி வைத்துவிடுவது நல்ல ஏற்பாடுதான். கடைசித் தேதியை மறந்து அபராதம் கட்டுவதும், பாலிசி காலாவதியாகி அதை மறுபடி உயிர்ப்பிக்க அலைவதும் இருக்காது. ஆனால் இதைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் "எந்த ஆப் சேஃப்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கணக்கிலிருந்து பணத்தை எடுக்கும் உரிமையை யாருக்குக் கொடுக்கிறீர்கள், எவ்வளவு வரை, நிறுத்த வேண்டுமென்றால் எங்கே போய் நிறுத்துவது என்ற மூன்றுக்கும் முதலில் பதில் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதில்தான் வழியைத் தீர்மானிக்கும்.

நான் வங்கியில், வங்கிகளுக்கிடையே செக்குகளைத் தீர்க்கும் கிளியரிங் மேசையில் இருந்து ஓய்வு பெற்றவள். செக் கட்டுகளைப் பிரித்த காலத்தில் தொடங்கி, கணக்கிலிருந்து தவணையை மின்னணு முறையில் பிடிக்கும் ஈசிஎஸ் வந்து, அது போய் அதே வேலையைச் செய்யும் நாச் வந்த வரைக்கும் அதே மேசைதான். இப்போது பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு "அத்தை, இது என்ன மெசேஜ் என்று பாருங்கள்" என்று வருகிறார்கள். நான் பார்க்கிற தொல்லைகளில் பாதிக்கு மேல் திருட்டே கிடையாது. எதற்குச் சம்மதம் கொடுத்தோம் என்பது கொடுத்தவருக்கே தெரியாமல் போவதுதான்.

அனுப்புவதும் எடுப்பதும்

தானாகப் பணம் போவதில் இரண்டு வகை. ஒன்றில், நீங்கள் சொல்லிவைத்தபடி சொன்ன தேதியில் சொன்ன தொகையை உங்கள் வங்கியே அனுப்பிவைக்கிறது. இதை ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்பார்கள். வீட்டு வாடகை, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் பணம், ஆர்டி (தொடர் வைப்பு) தவணை இதற்கெல்லாம் இதுதான் சரி. தொகை மாறாது, வாங்குகிறவருக்கு உங்கள் கணக்கில் கை வைக்க எந்த வழியும் இல்லை. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் நீங்கள்தான் போய் மாற்ற வேண்டும். அது ஒரு வசதிக் குறைவு என்றால், அதே குறைவுதான் பாதுகாப்பும்.

இன்னொரு வகையில், வாங்குகிறவர் உங்கள் வங்கியிடம் கேட்டு எடுத்துக்கொள்கிறார். அதற்கு நீங்கள் முன்கூட்டியே கொடுக்கும் அனுமதிதான் மாண்டேட். யூபிஐ ஆட்டோபே, கார்டில் வைக்கும் இ-மாண்டேட், கணக்கில் நேரடியாகப் பிடிக்கும் நாச் மூன்றும் இந்த வகை. வேலை ஒன்றுபோலத் தெரிந்தாலும், தப்பு நடந்தால் நிறுத்தும் இடம் மூன்றுக்கும் மூன்று வேறு இடம்.

யூபிஐ ஆட்டோபேயை, யூபிஐயை நடத்தும் தேசிய கொடுப்பனவுக் கழகம் 2020 ஜூலையில் கொண்டுவந்தது. நிறுத்துவது இதில்தான் மிகச் சுலபம். நீங்கள் பயன்படுத்தும் ஆப்பிலேயே ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே உயிரோடு இருக்கும் மாண்டேட்டுகள் வரிசையாகத் தெரியும். ஒன்றைத் தொட்டால் தற்காலிகமாக நிறுத்தவோ அடியோடு ரத்து செய்யவோ முடியும். யாருக்கும் போன் போட வேண்டாம், கிளைக்குப் போக வேண்டாம். ஓடிடி சந்தா, பிராட்பேண்ட், போன் பில், நாளிதழின் டிஜிட்டல் சந்தா போன்ற, எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லக்கூடிய எல்லாவற்றையும் இதில் வையுங்கள்.

கார்டில் வைப்பதற்கு ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் விதி போட்டது. வங்கிகளும் நிறுவனங்களும் தயாராகவில்லை என்று தள்ளித் தள்ளி, 2021 அக்டோபரில்தான் முழுசாக அமலுக்கு வந்தது. அந்த மாதம் பலரின் சந்தாக்கள் திடீரென்று நின்றது நினைவிருக்கலாம். விதியின் சாரம் இதுதான்: முதலில் பதிவு செய்யும்போது ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு, யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, எந்தத் தேதி என்ற அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பைப் பார்த்து அந்த ஒரு முறையை மட்டுமோ, மொத்த மாண்டேட்டையுமோ வேண்டாம் என்று சொல்லும் வசதியும் இருக்க வேண்டும். இந்த வசதிக்கு வங்கி உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஒரு முறைக்கு 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமல் போகும். 2022 ஜூன் முதல் அந்த அளவு. காப்பீட்டு பிரீமியம், மியூச்சுவல் ஃபண்டு, கிரெடிட் கார்டு பில் மூன்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் அதை 1,00,000 ஆக்கினார்கள்.

நாச் என்பது பழைய ஈசிஎஸ்ஸின் வாரிசு. வீட்டுக் கடன், வண்டிக் கடன் தவணை, எல்ஐசி பிரீமியம், மியூச்சுவல் ஃபண்டில் மாதா மாதம் போடும் எஸ்ஐபி ஆகியவை பெரும்பாலும் இதில்தான் பிடிக்கப்படும். கடன் கொடுப்பவர் இதைத்தான் கேட்பார். உங்களுக்குத் தேர்வு அதிகம் இருக்காது. இதை நிறுத்துவது மற்ற இரண்டைவிடச் சிரமம். பெரிய தொகைக்கு அப்படி இருப்பதில் ஒரு நியாயமும் உண்டு. ஆனால் கேபிள் பில்லுக்கும் ஜிம் கட்டணத்துக்கும் யாராவது நாச் படிவத்தை நீட்டினால், வேறு வழி இருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன விஷயத்துக்குப் பெரிய சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை.

கரண்ட் பில்லை எடுத்துக்கொள்வோம்

வீட்டுக்கு வீடு இருப்பது, தொகை மாறிக்கொண்டே இருப்பது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டாதவரை சலுகை விலை; தாண்டிவிட்டால் அந்தத் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 100க்கு மேல் உள்ள கீழ் அடுக்குகளின் கணக்கே மாறிவிடும். அதனால் 380 யூனிட் ஓடிய மார்கழியில் ஆயிரத்துச் சொச்சம் கட்டியவர், ஏசி ஓடிய சித்திரையில் 620 யூனிட் காட்டினால் மூவாயிரத்துக்கு மேல் கட்டுவார். யூனிட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ரூபாய் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இதற்கு ஆட்டோபே வைக்கும்போது அதிகபட்சத் தொகை என்று ஒரு கட்டம் வரும். பலர் கடைசியாக வந்த பில்லைப் பார்த்து 1,500 என்று போட்டுவிடுவார்கள். வெயில் காலத்தில் பில் அதைத் தாண்டும், ஆட்டோபே நடக்காது, ‘தானாகப் போயிருக்கும்’ என்று இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். இணைப்பைத் துண்டிக்க ஆள் வந்து நிற்கும்போதுதான் தெரியும். இன்னும் சிலர், ஆப் தானாகக் காட்டுகிற 15,000ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். அதுவும் வேண்டாம். ரீடிங் எடுத்தவர் ஒரு இலக்கத்தைத் தவறாகப் போட்டுவிட்டால், 12,000 ரூபாய் பில் வந்து, நீங்கள் பார்ப்பதற்குள் போயும்விடும். கட்டிய பிறகு பிரிவு அலுவலகத்தில் முறையிட்டால் பெரும்பாலும் அடுத்த பில்லில் கழித்துக்கொள்வதாகச் சொல்வார்கள். பணம் கைக்கு வராது. பழைய பில்களில் மிக அதிகமாக வந்த கோடை பில்லைத் தேடி எடுத்து, அதற்கு மேல் ஆயிரம் ரூபாய் வைத்து அந்தக் கட்டத்தை நிரப்புங்கள். எங்கள் வீட்டுக்கு 5,000. அதைத் தாண்டி ஒரு பில் வந்தால், அது நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீட்டரைப் போய்ப் பார்க்க வேண்டிய பில்.

வைக்கும் இடம்: உங்கள் வங்கி ஆப்பிலோ யூபிஐ ஆப்பிலோ உள்ள பில் கட்டும் பகுதி. முன்பு பாரத் பில் பே என்ற பெயரில் இருந்தது, இப்போது பாரத் கனெக்ட். அந்த முத்திரையைப் பாருங்கள். மின் இணைப்பு எண்ணைப் போட்டதும் பெயர் தெரியும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் பெயர் வரும், பயப்பட வேண்டாம். ஆனால் வீடு மாறும் நாளில் முதல் வேலையாக அந்த ஆட்டோபேயை ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்து குடிவருபவரின் ஏசிக்கு நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இது கற்பனை இல்லை, எங்கள் தெருவில் நடந்தது.

இன்னொன்று. "உங்கள் மின் இணைப்பு இன்று இரவு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்று ஒரு மெசேஜ் ஊரெல்லாம் சுற்றுகிறது. அழைத்தால், போன் திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்லி, பத்து ரூபாய் கட்டச் சொல்லிக் கணக்கைக் காலி செய்வார்கள். மின்வாரியமோ வங்கியோ பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பாது. எழுத்துகளால் ஆன பெயரில் இருந்துதான் வரும். 2025 முதல் அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு, அரசுச் செய்தி என்றால் ஜி, பரிவர்த்தனை என்றால் டி, சேவை என்றால் எஸ், விளம்பரம் என்றால் பி என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். ஆட்டோபே வைத்திருப்பவருக்கு இதில் ஒரு நன்மை: ஆப்பைத் திறந்து, பில் போய்விட்டது என்று பார்த்துவிட்டால் அந்த மெசேஜ் பொய் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

பின் போடும் முன் அந்த ஒரு திரை

யூபிஐயில் சாதாரணமாகப் பணம் அனுப்பும் திரையும், மாண்டேட் கொடுக்கும் திரையும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கை பழக்கத்தில் பின்னைப் போட்டுவிடும். மாண்டேட் என்றால் அதில் நாலு விவரம் கூடுதலாக இருக்கும்: யார் பெயருக்கு, அதிகபட்சம் எவ்வளவு வரை, எத்தனை நாளைக்கு ஒரு முறை, எந்தத் தேதி வரை செல்லும். இந்த நாலையும் வாய்விட்டுப் படியுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாய்விட்டுப் படித்தால்தான் ‘ஐந்நூறு வரை’ என்பதில் உள்ள ‘வரை’ காதில் விழும்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் கல்லூரியில் படிக்கிறான். ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் என்று விளம்பரம் பார்த்து, ஆங்கிலம் கற்றுத்தரும் ஆப் ஒன்றில் சேர்ந்தான். இரண்டு நாளில் பிடிக்காமல் ஆப்பைப் போனிலிருந்து அழித்துவிட்டான். எட்டாம் நாள் 499 போனது. அடுத்த மாதமும் போனது. "ஒரு ரூபாய்க்குத்தானே அத்தை பின் போட்டேன்" என்றான். அவன் யூபிஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபே பகுதிக்குப் போனோம். மாதம் ஒரு முறை, 999 ரூபாய் வரை, பத்து வருடத்துக்குச் செல்லும் என்று மாண்டேட் அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு ரூபாய், மாண்டேட்டைப் பதிவு செய்ய எடுத்த ஒரு ரூபாய். ரத்து என்பதைத் தொட்டு, பின் போட்டு, முடிந்தது என்ற செய்தி வந்த பிறகு அந்தத் திரையைப் படம் பிடித்து வைக்கச் சொன்னேன்.

ஆப்பை அழிப்பது மாண்டேட்டை அழிப்பது ஆகாது. போனை மாற்றினாலும் ஆகாது. அனுமதி இருப்பது உங்கள் வங்கியிடம், போனில் இல்லை.

கார்டிலும் இதே கதைதான். சோதனைக் காலம் இலவசம், கார்டு எண் மட்டும் கொடுங்கள் என்றால், அந்தக் காலம் முடிகிற தேதியை அப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபர் முதல் கடைக்காரர்கள் உங்கள் கார்டு எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது, டோக்கன் என்ற மாற்று எண்ணைத்தான் வைத்திருக்கலாம் என்று விதி இருக்கிறது. எண் கசிவதற்கு இது நல்ல தடுப்பு. ஆனால் நீங்களே கொடுத்த மாண்டேட்டுக்கு எதிராக டோக்கன் உங்களைக் காப்பாற்றாது.

நாச் காகிதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தால் தொகை, தேதி, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்ற எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும். ‘சார், நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம்’ என்று முகவர் சொன்னால், பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் நிரப்பும்வரை காத்திருங்கள். நிலையான தொகை, அதிகபட்சத் தொகை என்று இரண்டு கட்டம் இருக்கும். வட்டி மாறுகிற வீட்டுக் கடனுக்கு அதிகபட்சம் கேட்பார்கள், தவணையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அது பரவாயில்லை. 9,000 தவணைக்கு 50,000 அதிகபட்சம் என்றால் ஏன் என்று கேளுங்கள். ‘கேட்கும்போதெல்லாம்’ என்று பொருள்படும் கட்டம் ஒன்றும் உண்டு. மாதத் தவணைக்கு அதில் டிக் விழக் கூடாது. கையெழுத்துப் போட்டதும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கணக்கு?

வழியைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன். சம்பளமோ பென்ஷனோ வரும் கணக்கில், சேமிப்பெல்லாம் கிடக்கும் கணக்கில் ஒரு மாண்டேட்டும் வைக்காதீர்கள். பில்களுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வையுங்கள். மாதம் பிறந்ததும், அந்த மாதம் போகவேண்டிய தொகையும் அதற்கு மேல் இரண்டாயிரம் மூவாயிரமும் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் மூலம் இதற்கு வரட்டும். யாராவது தப்பாக எடுத்தாலும் அந்தக் கணக்கில் இருப்பதுதான் போகும். குறைந்தபட்ச இருப்பு வைக்கவேண்டுமே என்ற கவலை முன்பு நியாயமானது. ஸ்டேட் பாங்க் 2020லேயே அந்த அபராதத்தை எடுத்துவிட்டது. இந்தியன் வங்கி, கனரா வங்கி போன்றவையும் 2025ல் எடுத்துவிட்டன.

அந்தக் கணக்கைத் திறக்கும்போது கிளையில் ஒன்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: ஆட்டோ ஸ்வீப் இருக்கிறதா? இருப்பு போதாவிட்டால் இணைத்த எஃப்டியை உடைத்துப் பணம் கொண்டுவரும் வசதி அது. நல்ல வசதிதான், ஆனால் பில் கணக்கில் அது இருந்தால் தனிக் கணக்கு வைத்ததற்கே அர்த்தம் இல்லை. கணக்கில் மூவாயிரம்தானே இருக்கிறது என்று நீங்கள் நினைத்திருக்க, பின்னால் எஃப்டி திறந்து கிடக்கும்.

கடன் தவணை மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டியது. இருப்பு குறைந்து நாச் திரும்பினால் உங்கள் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம் போடுவார், கடன் கட்டிய வரலாற்றைப் பதியும் சிபில் கணக்கிலும் ஏறும். அதோடு, போதிய பணம் இல்லாமல் மின்னணுப் பிடித்தம் திரும்புவது 2007ஆம் ஆண்டின் கொடுப்பனவுச் சட்டம் 25ஆம் பிரிவின்படி, செக் பவுன்ஸ் மாதிரியே வழக்குப் போடத்தக்கது. அதனால் தவணைத் தேதிக்கு முந்தைய இரவே பணம் கணக்கில் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து நாச் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் ஓடுகிறது. ‘நாளைக்கு வங்கி லீவுதானே, திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம்’ என்கிற பழைய கணக்கு இப்போது செல்லாது. என் மேசையில் கடைசி வருடங்களில் இதற்காகச் சண்டை போட வந்தவர்கள் நிறையப் பேர்.

பென்ஷன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 24 மணி நேர முன்னறிவிப்பு என்பது பெரும்பாலும் வங்கியில் பதிந்திருக்கும் எண்ணுக்குத்தான் வரும். அந்த எண் மகன் துபாய் போகும்போது விட்டுப்போன பழைய சிம்மாக இருந்தால், எந்தப் பாதுகாப்பும் உங்களுக்கு வந்து சேராது. ஆட்டோபே வைப்பதற்கு முன் பாஸ்புக்கோடு கிளைக்குப் போய், பதிந்திருக்கும் எண் எது என்று கேளுங்கள்.

டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா?

கார்டில்தான் வைக்க வேண்டும் என்ற இடத்தில் என் ஓட்டு கிரெடிட் கார்டுக்கு. காரணம் எளிது. டெபிட் கார்டில் தவறாகப் போனால் போனது உங்கள் பணம். அது திரும்பி வரும்வரை மளிகைக்கு நீங்கள் கைமாற்று வாங்க வேண்டும். கிரெடிட் கார்டில் போனது பில்லில் ஒரு வரி. பில் தேதிக்குள் அந்த வரியை ஒப்புக்கொள்ளவில்லை என்று வங்கிக்கு எழுதி, வழக்காடலாம்.

ஆனால் கிரெடிட் கார்டு பில்லுக்கே ஆட்டோபே வைக்கிறீர்கள் இல்லையா, அங்கே ஒரு குழி இருக்கிறது. மொத்த நிலுவை, குறைந்தபட்ச நிலுவை என்று இரண்டு தேர்வு வரும். குறைந்தபட்சத்தைத் தொட்டுவிட்டால் மாதா மாதம் பணம் தானாகப் போகும், அபராதம் வராது, எல்லாம் சரியாக நடப்பது போலவே இருக்கும். மிச்சத்துக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும். மொத்த நிலுவை என்பதையே வையுங்கள். அவ்வளவு பணம் இருக்குமா என்று சந்தேகம் என்றால், ஆட்டோபே பிரச்சினை இல்லை அது, கார்டைக் கொஞ்ச நாள் பீரோவில் வைக்கவேண்டிய பிரச்சினை.

கார்டு காலாவதியாகிப் புதுசு வந்தால் பழைய மாண்டேட்டுகள் எல்லாம் தானாகத் தொடரும் என்று நம்பாதீர்கள். காப்பீட்டு பிரீமியத்தை மட்டுமாவது சரிபாருங்கள். எல்ஐசி போன்ற ஆயுள் காப்பீட்டில் மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கண்டுபிடித்துவிட்டால் பாலிசிக்குப் பாதகம் இல்லை.

நிறுத்துவது எப்படி, தப்பாகப் போனால் என்ன செய்வது

நிறுத்தும்போது வரிசை முக்கியம். முதலில் சேவை கொடுப்பவரிடம் சந்தாவை ரத்து செய்து, அதற்கான மெயிலோ மெசேஜோ வாங்குங்கள். பிறகு மாண்டேட்டை ரத்து செய்யுங்கள். மாண்டேட்டை மட்டும் வெட்டினால், சிலர் பில்லை ஏற்றிக்கொண்டே போய் வசூல் ஆளை விட்டுப் போன் போடுவார்கள். யூபிஐ என்றால் ஆப்பில், கார்டு என்றால் கார்டு கொடுத்த வங்கியின் ஆப்பில் இ-மாண்டேட் பகுதியில். நாச் என்றால் நெட் பேங்கிங்கில் பாருங்கள், இல்லையென்றால் கிளையில் எழுதிக்கொடுங்கள். ‘கம்பெனிக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது’ என்று கவுண்டரில் சொன்னால் விடாதீர்கள். கணக்கு வைத்திருப்பவர் தன் வங்கியிடமே நாச் மாண்டேட்டை ரத்து செய்யக் கேட்கலாம். மாண்டேட்டுக்கு யுஎம்ஆர்என் என்று ஒரு தனி எண் உண்டு, ஸ்டேட்மென்டில் அந்தப் பிடித்த வரியில் பெரும்பாலும் இருக்கும். கடிதத்தில் அதைக் குறிப்பிட்டு, நகலில் முத்திரை வாங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கடனுக்கு மட்டும் இப்படிச் செய்யக் கூடாது. மாண்டேட் போனாலும் கடன் போகாது.

தப்பாகப் பணம் போய்விட்டால், அது எந்த வகைத் தப்பு என்று முதலில் பிரித்துப் பாருங்கள். நீங்கள் சம்மதமே கொடுக்காமல், வேறு யாரோ எடுத்திருந்தால் அது மோசடி. வங்கிக்கு உடனே சொல்லுங்கள், சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் செய்த மோசடியை, வங்கியிடமிருந்து செய்தி வந்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நாலு முதல் ஏழு நாளுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம். தகவல் சொன்ன பத்து வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். பின்னையோ ஓடிபியையோ நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போனது உங்கள் நஷ்டம். அந்தப் பாவத்தைச் செய்தவர்களும் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் முதலில் போன் போட வேண்டும் என்பது இதனால்தான்.

அந்தக் கல்லூரிப் பையனுடையது இந்த வகை இல்லை. அவன் பின் போட்டிருக்கிறான். வங்கியைப் பொறுத்தவரை அது அனுமதி பெற்ற பரிவர்த்தனை. வங்கியில் போய்ச் சண்டை போட்டுப் பயன் இல்லை. ஆப் நடத்துபவரிடம் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எளிதாகச் சேரவும் சிரமப்பட்டு விலகவும் வைக்கிற சந்தாப் பொறியை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் நேர்மையற்ற வணிக முறைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. புகாரில் ‘சந்தாப் பொறி’ என்ற பெயரைப் போட்டே எழுதினோம். கடைசி மாதத்து 499 திரும்ப வந்தது, முதல் மாதத்தது வரவில்லை.

ரத்து செய்த பிறகும் எடுத்துவிட்டார்கள், சொன்ன லிமிட்டுக்கு மேல் எடுத்துவிட்டார்கள் என்றால் மட்டும் அது வங்கியின் தலைவலி. ரத்து செய்த நாளின் திரைப் படத்தோடு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவர்களுடைய இணையதளத்தில் பதியலாம், 14448க்கு அழைத்து விவரம் கேட்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. வங்கியில் புகார் கொடுக்காமல் நேராக அங்கே போனால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்தப் புகார் எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.